கோல லங்காட்டில் வனக்காவல்: ஒரு நூற்றாண்டின் கணக்கு

சிலாங்கூர் மாநிலத்தில், தெலுக் பங்லிமா காராங் அமைந்துள்ள கோல லங்காட் மாவட்டத்தின் வடக்கு வனக்காப்பகம் 1927-இல் அரசிதழில் இடம்பெற்றபோது அதன் பரப்பு சுமார் 7,200 ஹெக்டர். 2020-இல் எஞ்சியிருந்தது 958 ஹெக்டர் அளவே. இதைக் கேட்டவுடன், வனக்காவலர்கள் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். நியாயமான ஆத்திரம்தான், ஆனால் அது பாயவேண்டிய இடம் வேறு. காப்பகத்தின் பரப்பு திருட்டு மரவெட்டால் சுருங்குவதில்லை. அரசிதழ் அறிவிப்பால்தான் சுருங்கும். காவலரின் அதிகாரம் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கல்லை எங்கே நடுவது, எப்போது பிடுங்குவது என்பதில் அவருக்குச் சொல் இல்லை. இந்த மாவட்டத்தின் வனக்காவல் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலாயாவில் வனத்துறை ஒழுங்கான அமைப்பாக உருவெடுத்தது 1901-இல். பர்மா வனத்துறையில் பணியாற்றிய பர்ன்-மர்டாக் அதன் தலைமை அதிகாரியாக வந்தார். ஈயச் சுரங்கங்களுக்கு விறகும் தாங்குமரமும், ரயில் பாதைக்குக் கட்டைகளும் ஓயாமல் தேவைப்பட்ட காலம் அது. ஆகவே அன்றைய காவலரின் முதல் கடமை வருவாயைக் காப்பது: உரிமச் சீட்டைப் பார்ப்பது, வெட்டிய மரத்தை அளப்பது, அதில் சுத்தியல் முத்திரை குத்துவது, வரி கட்டாத கட்டை வெளியேறாமல் தடுப்பது. காடு மரக்கிடங்காகவே கருதப்பட்டது. 1934-ஆம் ஆண்டு வனச் சட்டமும் இந்தப் போக்கிலிருந்து அதிகம் விலகவில்லை. 1984-இல் வந்த தேசிய வனச் சட்டம்தான் நீர்ப்பிடிப்பு, மண் பாதுகாப்பு, வனவிலங்குப் புகலிடம், பொழுதுபோக்கு எனக் காட்டின் பயன்களை வகைப்படுத்தியது. 1993-ஆம் ஆண்டுத் திருத்தம் திருட்டு மரவெட்டுக்கான உச்ச அபராதத்தை 10,000 வெள்ளியிலிருந்து 5 லட்சமாகவும், சிறையை 3 ஆண்டிலிருந்து 20 ஆண்டாகவும் உயர்த்தியது. திருடனுக்கு எதிராகக் காவலரின் கை வலுத்தது.

கோல லங்காட்டின் நிலமோ வேறொரு காவலைக் கேட்டது. இங்குள்ளது காம்புட் எனப்படும் கரிச்சதுப்பு. மட்கிய இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறிக் குவிந்த மண். பக்கத்து நிலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினாலே போதும், காட்டுக்குள் நீர்மட்டம் இறங்கிவிடும். காய்ந்த இந்த மண் தீப்பிடித்தால் மேலே சுடர் தெரியாது; தரைக்கடியில் புகைந்தபடியே நகர்ந்து, அணைத்துவிட்டோம் என்று நினைத்த இடத்துக்கு அப்பால் புகையாகக் கிளம்பும். வாளித் தண்ணீர் அதற்கு எம்மாத்திரம்? வாய்க்காலைத் தடுத்து நீரைத் தேக்கி, மண்ணையே மீண்டும் நனைக்கவேண்டும். ஆக, வறட்சி மாதங்களில் மரத்தைப் பார்ப்பதைவிட வாய்க்காலின் நீர்மட்டத்தைப் பார்ப்பதே இங்கு முக்கியமான காவல். எல்லைக்கு வெளியே வெட்டப்படும் வாய்க்கால்தான் பெரிய ஆபத்து. அங்கேயோ காவலருக்கு அதிகாரம் குறைவு.

தேசிய வனச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைவிடப் பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதிகப் பொருளாதாரப் பயன் தரும் வேறு தேவைக்கு வேண்டுமென்றால் மாநில அரசு காப்பக நிலத்தை விடுவிக்கலாம். நிலமும் காடும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை. வனக்காவலர் அந்த மாநிலத்தின் ஊழியர். 2011-இல் சிலாங்கூர் தன் சட்டத்தைத் திருத்தி, விடுவிப்பதற்கு முன் பொது விசாரணை கட்டாயம் என்றது. நூறாண்டு வனக்காவல் வரலாற்றில் முக்கியமான திருப்பம் என்று இதையே சொல்வேன். 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி, காப்பகத்தில் 930.93 ஹெக்டரை, அதாவது 97 விழுக்காட்டை, விடுவிக்கும் அறிவிப்பு நாளிதழ்களில் வந்தது. 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. புசுட் பாரு, புலாவ் கெம்பாஸ், புக்கிட் சீடிங் கிராமங்களின் தெமுவான் பூர்வகுடி மக்கள் முன்னணியில் நின்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றமும் காட்டைக் காக்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது.

இத்தனைக்குப் பிறகும் 2021 மே மாதம் 536.7 ஹெக்டர் விடுவிக்கப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில்தான் அது வெளியே தெரிந்தது. பொது விசாரணையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இதையே சான்று காட்டுவார்கள். எனக்கு இது எதிர்ச் சான்றாகத் தெரிகிறது. 2020-இல் எழுந்த எதிர்ப்பு பதிவாகியிருந்ததால்தான் செய்தி தெரிந்த சில நாட்களிலேயே கண்டனம் திரண்டு, செப்டம்பர் 8-ஆம் தேதி மந்திரி புசார் அமிருடின் ஷாரி அந்த முடிவை ரத்து செய்வதாக அறிவித்தார்.

தீப்பட்டுச் சீர்குலைந்த காடுதானே, போனால் என்ன என்பது வலுவான மறுப்பு. ஆனால் சிலாங்கூர் வன இலாகாவே உலகச் சுற்றுச்சூழல் மையத்துடன் சேர்ந்து 2008 முதல் ராஜா மூசா காப்பகத்தில் வாய்க்கால்களை அடைத்து, மரம் நட்டு, எரிந்த சதுப்பை மீட்டுவந்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? வேறு மாவட்டங்களில் மாற்று நிலம் தருகிறோம் என்ற பதிலும் நிற்காது. பல்லாயிரம் ஆண்டு மண்ணையும், சிலாங்கூர் சதுப்புகளுக்கே உரிய பெத்தா லிவிடா என்ற செந்நிறச் சண்டைமீனையும் இன்னொரு மாவட்டத்தில் நட்டு வளர்க்க இயலாது. அபிவிருத்தி வேண்டும் என்பதை மறுக்கவில்லை; பல பத்தாண்டுகளாக அதற்குத் தந்துகொண்டே வந்ததில், எட்டில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கிறது.

இனியொரு விடுவிப்பு அறிவிப்பு வெளிவந்தால் ஆட்சேபம் சொல்லக் கிடைப்பது சில வாரங்களே. வனக்காவலர் அரசு ஊழியர் என்பதால் ஆட்சேபக் கடிதத்தை அவர் எழுத முடியாது. பந்திங், கிள்ளான், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துத் தமிழர்களும் அதை எழுதவேண்டும். தெமுவான் மக்களோடு விசாரணைக்கும் போய் உட்காரவேண்டும்.