இருப்புப்பாதையும் பாடசாலையும்

ஊருக்கு நன்மை பயப்பன என்று பலரும் ஒப்பிய பொருள்கள் இரண்டு ஓரிடத்தையே நாடி வந்து நிற்குங்கால், அங்கே வழக்குப் பிறத்தல் இயல்பு. நன்மைக்கும் தீமைக்கும் நேரும் வழக்கைத் தீர்த்தல் எளிது. நன்மை இரண்டு எதிரெதிர் நின்றால் தீர்த்தல் அரிது. சரக்கு வண்டிகள் ஓடும் இருப்புப்பாதையின் பக்கத்தே பாடசாலை எடுக்கலாமா, ஆகாதா என்னும் வழக்கு இவ்வகையினது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாகக் கலிபோர்னியா மாகாணத்தில், இவ்வழக்குப் பன்முறை நிகழ்ந்து விதியாகவும் உருக்கொண்டது. பாடசாலை நிறுவுதலைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றும் நம் சங்கத்து அன்பர்களுக்கு அவ்வரலாறு பயன்படும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

பள்ளியும் இருப்புப்பாதையும் அந்நாட்டில் எவ்வாறு அண்டை அயலாயின என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1785-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையார் ஒரு நிலச்சட்டம் வகுத்தனர். மேற்கே கிடந்த பொதுநிலம் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமுள்ள சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் 16-ஆம் பகுதி கல்விக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1853-இல் கலிபோர்னியாவுக்கு 16, 36 என்னும் இரு பகுதிகளும் இவ்வாறு கிடைத்தன.

பின்னர் 1862-இல் பசிபிக் இருப்புப்பாதைச் சட்டம் பிறந்தது. பாதை போடும் கம்பெனியாருக்கு, அதன் இருமருங்கிலும் பத்து மைல் எல்லைக்குள் ஒற்றைப்படை எண்ணுள்ள பகுதிகள் மானியமாயின. 1864-இல் அம்மானியம் இருமடங்காயிற்று. பகுதிகளுக்கு எண்ணிட்ட முறையை ஒரு தாளில் வரைந்து பார்ப்போர்க்கு வியப்பான செய்தியொன்று புலனாகும். 16-ஆம் பகுதியின் நாற்புறமும் நிற்பன 9, 15, 17, 21 என்னும் பகுதிகள். நான்கும் ஒற்றைப்படை எண்களே. ஆகவே மானியம் சென்ற இடங்களிலெல்லாம் பள்ளிக்குரிய நிலத்தைச் சூழ இருப்புப்பாதைக் கம்பெனியாரே அயலாராக அமைந்தனர். அப்பள்ளி நிலங்களிற் பெரும்பாலன விற்கப்பட்டு அப்பொருளே கல்விக்கு ஆயிற்று என்பது மெய்யே. எனினும், ஓர் அரசு கல்வியையும் போக்குவரத்தையும் ஒரே நிலப்படத்தில் அடுத்தடுத்து வைத்து வளர்த்ததென்பது இதனால் விளங்கும்.

பாதை வந்தபின் ஊர்கள் அதனைச் சுற்றியே பெருகின. 1876-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருப்புப்பாதையாற் சான் பிரான்சிஸ்கோவோடு இணைக்கப்பட்டது. பாதையோரம் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. அவற்றில் உழைப்போர் அவற்றின் அருகே குடியேறினர். வண்டியின் ஓசையும் புகையும் உள்ள இடத்தில் நிலவிலை குறைவு. விலை குறைந்த இடத்தில் ஏழையர் வாழ்வர். ஏழையர் வாழுமிடத்தே பள்ளிக்குத் தேவை மிகுதி. இம்மூன்றும் ஒரு சங்கிலிபோற் கோத்து வந்தமையால், பள்ளிக்கு இடம் தேடுவோர் மீண்டும் மீண்டும் இருப்புப்பாதையின் அருகே வந்து நின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பள்ளிகளில் நெரிசல் மிகுந்தது. பிள்ளைகள் நெடுந்தொலைவு பஸ்ஸில் அனுப்பப்பட்டனர். ஒரே கட்டிடத்தில் முறைவைத்து ஆண்டு முழுவதும் வகுப்புகள் நடந்தன. 1997-இல் நகரமக்கள் 240 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தனர். பொருள் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. அப்பொழுது பழைய ரெயில்வே யார்டுகளின்மேல் அனைவர் கண்ணும் விழுந்தது. அவற்றுள் ஒன்று ‘டெய்லர் யார்டு’ என்பது. தொழிற்கட்டிடம் எழுப்ப விரும்பினார் சிலர்; பூங்கா வேண்டினார் சிலர்; பள்ளி வேண்டினார் சிலர். முடிவில் ஒரு பகுதி 2007-இல் பூங்காவாயிற்று. மற்றொரு பகுதியில் 2011-இல் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் அருகே வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

இத்தகைய வழக்குகளில் இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. ‘பள்ளி வீட்டுக்கு அணித்தாக இருத்தல் வேண்டும், அகன்ற நிலம் வேறெங்கும் இல்லை, நாங்கள் இந்தப் பாதையோரத்தில்தானே பிள்ளை பெற்று வளர்க்கின்றோம்’ என்பர் ஒருசாரார். ‘வீடு அமைந்துவிட்டது, அதனை மாற்ற இயலாது. பள்ளி இனித்தான் அமையப்போகின்றது. ஆபத்தை அறிந்தே பல நூறு பிள்ளைகளை அங்குக் கூட்டலாமா?’ என்பர் மற்றொருசாரார். பின்னவர் அச்சம் வீண் அச்சமன்று.

1989 மே 12-ஆம் நாள் அம்மாகாணத்துச் சான் பெர்னார்டினோ நகரில் நிகழ்ந்ததைக் காண்க. ஒரு சரக்கு வண்டியின் பாரம் உள்ளதினும் குறைவாகக் கணக்கிடப்பட்டது. மலைச்சரிவில் இறங்கிய வண்டியைப் பிரேக்கால் அடக்க இயலவில்லை. அது தண்டவாளம் விட்டுப் பாய்ந்து வீடுகளின்மேல் விழுந்தது. சிறுவர் இருவர் உள்ளிட்ட நால்வர் மாண்டனர். துயரம் அத்துடன் ஒழியவில்லை. அவ்விடத்தே நிலத்தடியில் பெட்ரோல் செல்லும் குழாய் ஒன்று இருந்தது. பதின்மூன்று நாட் கழித்து, மே 25-ஆம் நாள், அது வெடித்துத் தீப்பற்ற, மேலும் இருவர் இறந்தனர். கண்ணுக்குத் தெரிந்த பாதையோடு கண்ணுக்குத் தெரியாத குழாயும் ஆராயத்தக்கது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கலிபோர்னியாக் கல்வி இலாகாவின் விதியொன்று இவ்வழக்கை நோக்கியது. பள்ளிக்குக் கருதிய நிலம் இருப்புப்பாதையின் எல்லையிலிருந்து 1,500 அடிக்குள் இருக்குமாயின், தகுதிவாய்ந்த வல்லுநர் ஒருவர் அதனை ஆராய்தல் வேண்டும். எத்தகைய சரக்குச் செல்கின்றது, எத்தனை முறை, எவ்வளவு வேகத்தில், எந்நேரத்தில். பாதையின் ஏற்ற இறக்கமும் வளைவும் எவை. தண்டவாளத்தின் நிலைமை யாது. தடுப்புச் சுவர் வேண்டுமா. கடக்குமிடத்தில் நடப்போர்க்கும் வண்டிகளுக்கும் காவல் யாது. வண்டி கவிழ்ந்தால் உடையத்தக்க உயரழுத்த வாயுக்குழாய் அருகே உண்டா. ஆபத்து நேரின் பிள்ளைகளை வெளியேற்றும் திட்டம் யாது என இவையெல்லாம் ஆராயப்பட வேண்டும். தீங்கைக் குறைக்கும் வழிகளும் கூறப்பட வேண்டும். இவ்விதி ‘கட்டாதே’ என்று கூறவில்லை. ‘அறிந்து கட்டு’ என்று கூறிற்று. 1,500 அடி என்பது தடையெல்லையன்று, விசாரணையெல்லையே என்பதை அன்பர்கள் கருதுக.

அங்ஙனமாயின், விசாரணைப் பொறுப்புப் பள்ளியின்மேல் மட்டும் ஏன் விழுந்தது? பாதையை நகர்த்தச் சொல்லலாகாதோ எனின், ஆகாது. மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் வாணிகம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்புப்பாதைப் போக்குவரத்தை ஆளும் அதிகாரத்தை மத்தியச் சபையொன்றுக்கே உரித்தாக்கி, உள்ளூராட்சியாரின் கையைப் பெரிதும் கட்டிற்று. நச்சுச் சரக்கேயாயினும், முறையாக ஒப்படைத்தால் கம்பெனியார் அதனை ஏற்றிச் செல்லக் கடமைப்பட்டவர். வண்டியை நிறுத்தும் அதிகாரம் ஊருக்கு இல்லை; பள்ளியை எங்கே கட்டுவதென்னும் அதிகாரமே உண்டு. ஆதலின் வழக்கெல்லாம் பள்ளி நிலத்தின்மேலேயே வந்து விழுந்தது.

உயிராபத்து ஒருபுறமிருக்க, ஓசையால் விளையும் கேடும் சிறிதன்று. 1975-இல் புரோன்சாப்ட், மக்கார்த்தி என்னும் இருவர் நியூயார்க் நகரப் பள்ளியொன்றை ஆராய்ந்து எழுதினர். அங்கு ஓடியது சரக்கு வண்டியன்று; மேம்பாலத்தில் ஓடும் பயணிவண்டி. ஆயினும் உண்மை ஒன்றே. பாதையை நோக்கிய வகுப்பறைகளிற் பயின்ற பிள்ளைகள், மறுபுறத்து அமைதியான அறைகளிற் பயின்றோரினும் வாசிப்பிற் பின்தங்கினர். ஆறாம் வகுப்பில் அவ்விடைவெளி ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பளவு ஆயிற்று. பின்னர்த் தண்டவாளத்தின்கீழ் ரப்பர் மெத்தைகளும், வகுப்புகளில் ஓசை அடக்கும் கூரைத்தட்டிகளும் அமைக்கப்பட்டன. 1981-இல் வெளியான ஆராய்ச்சியில் அவ்வேற்றுமை மறைந்தமை கண்டனர். வண்டி கடக்குந்தோறும் வாய்மூடி நின்று மீண்டும் தொடங்கும் ஆசிரியன் துன்பத்தை நம்போன்றோர் நன்குணர்வோம். அதற்கு மருந்து உண்டென்பதும், அம்மருந்துக்குப் பொருட்செலவு உண்டென்பதும் இதனாற் பெறப்படும்.

இனி, பள்ளி முன்னதாகவும் பாதை பின்னதாகவும் வருவதும் உண்டு. லாங் பீச் நகரின் மேற்குப் பகுதியை அடுத்து, பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அருகே, துறைமுகச் சரக்கைக் கையாளும் பெரிய ரெயில்வே யார்டு ஒன்று அமைக்கப் பி.என்.எஸ்.எப். கம்பெனியார் முயன்றனர். 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபையார் அதற்கு இசைந்தனர். லாங் பீச் நகரத்தாரும் பள்ளி நிர்வாகத்தாரும் பிறரும் நீதிமன்றம் புகுந்தனர். 2016-இல் நீதிமன்றம் அவ்விசைவுக்கு அடிப்படையான ஆராய்ச்சி குறையுடைத்தெனத் தீர்த்தது. 2018-இல் மேல்நீதிமன்றம், காற்று மாசு பற்றிய ஆராய்ச்சி போதாதென்னும் பகுதியை நிலைநிறுத்திற்று. முன்வந்தது எதுவாயினும் பின்வருவது ஆராய்ந்து வருதல் வேண்டும் என்பதே இதன் சாரம்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, இவ்வழக்கை உண்மையில் தீர்த்தது தூரமன்று, கேள்வியே என்பது எம் துணிபு. நிலம் வாங்குமுன் கேட்ட கேள்வி அறிவாயிற்று. கட்டிடம் எழுந்தபின் கேட்ட கேள்வி பகையாயிற்று.

நம் நாட்டுக்கும் இது புறம்பான செய்தியன்று. 2025 ஜூலை 8-ஆம் நாள் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், ரெயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது ரெயில் மோதி மாணவர் மூவர் உயிரிழந்த துயரம் நம் நெஞ்சைவிட்டு அகலாது. பள்ளியின் இடத்தை மட்டுமன்றிப் பிள்ளை வரும் வழியையும் ஆராய்தல் வேண்டுமென அது கற்பிக்கின்றது. ஒரு புரவலர் பாதையோரத்து நிலத்தை அன்புடன் நன்கொடையாக அளிக்க முன்வரின், அவருக்கு நன்றி கூறுவதோடு, அங்கு எச்சரக்குச் செல்கின்றது, பிள்ளைகள் எங்கே கடப்பர், நிலத்தின்கீழ் யாதுளது என்பவற்றைக் கேட்டறிதலும் நிர்வாகத்தார் கடமை. அவ்வாறு கேட்டல் கொடையாளரை அவமதித்தலாகாது. அவர் விரும்பியதும் பிள்ளைகளின் நன்மையே அன்றோ?