தானே வந்து பெயர் கொடுப்பவன்

ஆண்டு எந்த நாளில் முடிகிறது என்று கேட்டால், டிசம்பர் 31 என்பீர்கள். இங்கிலாந்தின் வரி அலுவலகத்தார் ஏப்ரல் 5 என்பர். சொந்தத் தொழிலில் ஆண்டுக்கு 1,000 பவுனுக்கு மேல் வரவு கண்டவர், அதையடுத்த அக்டோபர் 5-ஆம் தேதிக்குள் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். இலண்டனில் குழாய் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் இந்தத் தேதியைத் தவறவிட்டு, "ஐயா, இது என்ன கணக்கு?" என்று கலக்கத்துடன் எனக்கு எழுதினான். அக்கணக்கின் பின்னே ஒரு சரித்திரம் இருக்கிறது.

முற்காலத்தில் இங்கிலாந்தில் குத்தகையும் கடனும் தீர்க்கும் நாட்களுள் ஒன்று மார்ச்சு 25, மரியன்னையின் திருநாள். 1752-இல் பழைய நாட்காட்டியை மாற்றியபோது, செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்றாயிற்று. இடையே 11 நாட்கள் மறைந்தன. நாட்கள் குறைந்தால் முழு ஆண்டுக்குரிய தொகை எவ்வாறு சேரும்? ஆதலின் கணக்கு முடிக்கும் நாளை 11 நாள் தள்ளிவைத்தனர். மார்ச்சு 25 ஏப்ரல் 5 ஆயிற்று. அதிலிருந்து ஆறு மாதம் எண்ணினால் அக்டோபர் 5.

இனி வரியின் கதைக்கு வருவோம். பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் வேண்டி, 1799-இல் பிரதம மந்திரி பிட் வருமான வரியை விதித்தார். அவரவர் வருமானத்தை அவரவரே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கோடி பவுன் எதிர்பார்த்தார். வந்தது ஏறத்தாழ 60 லட்சம். அவருக்குப் பின் வந்த அடிங்டன், 1803-இல் வேறு வழி கண்டார். நிலத்துக்குக் குத்தகை கொடுப்பவர் வரியைக் கழித்துக்கொண்டே கொடுக்கலாம். அரசாங்க உத்தியோகஸ்தரின் சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படும். வரி விகிதத்தைப் பாதியாகக் குறைத்தும், வசூல் ஏறக்குறைய முன்போலவே இருந்தது!

ஆனால் கடைக்காரர், வைத்தியர், தச்சர் ஆகியோரிடம் என்ன செய்வது? அவர்களுக்குப் பணம் கொடுப்போர் பலர். யார் வரியைப் பிடிப்பது? அவர்களை 'டி' என்னும் பட்டியலில் சேர்த்து, அவர்கள் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டியதாயிற்று. இந்த முடிச்சை இன்றுவரை எவரும் முழுதும் அவிழ்க்கவில்லை என்பது என் கருத்து.

போர் ஓய்ந்தபின், 1816-இல் மக்கள் இவ்வரியை ஒழித்தனர். அதன் ஏடுகளைக் கிழித்துக் கூழாக்குமாறு பார்லிமெண்டே ஆணையிட்டது. ஆயினும் அவற்றின் நகல்கள் வேறோர் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தன! 1842-இல் பீல் அவ்வரியை மீண்டும் கொணர்ந்தார். 1944 முதல் தொழிலாளரின் சம்பளத்திலேயே வரி கழிக்கப்பட்டது. நானும் ஆசிரியனாக இருந்தவரை, பிடித்தது போக மிஞ்சியதையே கையில் வாங்கினேன். நேர்மைக்குச் சோதனையே இல்லை. சொந்தத் தொழில் செய்பவனோ, 1996-இல் தொடங்கிய சுயமதிப்பீட்டு முறையில், தன் கணக்கைத் தானே எழுதித் தானே வரியை மதிப்பிடலாம் என்றாயிற்று.

அவ்வாறாயின், தாமதித்துப் பெயர் கொடுப்பவன் குற்றவாளியா? அந்நாட்டுச் சட்டம் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு செய்கிறது. தாமதப் பதிவுக்கான அபராதம் நாட்களை எண்ணி விதிக்கப்படுவதன்று. அத்தாமதத்தால் ஜனவரி 31 வரை செலுத்தப்படாது நின்ற வரியின் மீதே கணக்கிடப்படுகிறது. முழு வரியும் அதற்குள் வந்துவிட்டால், அபராதம் கணக்கிடத் தொகையே இல்லை. நின்றுபோயிருந்தால், உள்நாட்டு வருமானத்தைப் பொறுத்தவரை, மறதியால் தவறியவனுக்கு அபராதம் 30 சதவீதத்தை மிஞ்சாது. தானே முன்வந்து ஓராண்டுக்குள் சொன்னால் இல்லாமலே போகவும் கூடும். வேண்டுமென்றே தவிர்த்து, அதை மூடி மறைக்கவும் செய்தவனுக்கு 100 சதவீதம் வரை உயரலாம்.

என் மாணவனின் கடிதம் வந்தது நவம்பர் மாதம். அன்றே பதிந்துகொள்ளுமாறு எழுதினேன். ஜனவரி முடியுமுன் வரியைக் கட்டிவிட்டதாகவும், அபராதம் எதுவும் வரவில்லை என்றும் பின்னர் மறுகடிதம் வந்தது. 11 நாட்கள் மறைந்த கதையை மட்டும் அவன் நம்ப மறுக்கிறான்.