வெயிலில் பிறந்த குளிர்

கேமரன் மலையில் வெட்டிய முட்டைக்கோஸ் லாரியேறி செலாயாங் மொத்தச் சந்தைக்கு வந்து, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் பிரிந்து போகிறது. வெயில் ஏறியதும் கடைக்காரர் வாடிய மேல் இலைகளை உரித்துப் போடுகிறார். உரிக்க உரிக்க எடையும் குறைகிறது, விலையும் இறங்குகிறது. காய்கறியைக் கெடுக்கும் அந்த வெயிலே அதைக் காக்கவும் செய்யும் என்பதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஒரு கணக்கு வாத்தியார்.

ஓகுஸ்தான் மூஷோ, பிரெஞ்சுக்காரர். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில், மல்லாத்திய குடை போன்ற பெரிய ஆடியில் வெயிலைக் குவித்துக் கொதிகலனைச் சூடேற்றி, அந்தச் சூட்டைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டினார். தங்கப் பதக்கமும் வாங்கினார். ஆனால் நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலம் அது. அரசின் ஆதரவு நின்றுபோனது.

சூரியத் தகடுகள் வந்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. பறித்த காய் இரவிலும் சுவாசிக்கும், சூடு விடும். சூரியனோ மாலையில் போய்விடும். பேட்டரிக்கு விலை அதிகம், வெப்பத்தில் அதன் ஆயுளும் குறையும். இதற்கு ஒரு வழி கண்டது, ஐஐடி கரக்பூரில் படித்த இளைஞர்கள் 2010இல் தொடங்கிய புனே நிறுவனமான ஈகோசென். அவர்களுடைய ‘ஈகோஃப்ராஸ்ட்’ அறை மின்சாரத்துக்குப் பதில் குளிரையே சேமிக்கிறது: பகலில் ஒரு பொருளை உறைய வைக்கிறது, இரவில் அது உருகி அறையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுக்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமானது. அந்தக் கணக்கின் மேல்தான் இந்த யோசனை நிற்கிறது.

என்னைக் கேட்டால், இயந்திரத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு நைஜீரியாவில் நடந்தது. விவசாயிகளுக்காக வானொலி நடத்திய நயமெக்கா இகெக்வோனு, விளைந்த காய்கறி விற்பதற்குள் வீணாவதைப் பார்த்துப் பார்த்து ‘கோல்ட்ஹப்ஸ்’ தொடங்கினார். சிறு விவசாயிக்குக் குளிர் அறை வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் அறையைச் சந்தையிலேயே வைத்து, 20 கிலோ கூடைக்கு நாளொன்றுக்கு 100 நைரா என்று வாடகை வைத்தார். இரண்டு நாளில் அழுகும் சரக்கு மூன்று வாரம் வரை தாங்கியது. அந்தி சாயும் நேரத்தில் இடைத்தரகர் சொல்லும் அடிமாட்டு விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. கூடையை உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் காலையில் விலை பேசலாம்.