பெட்டியும் இசைத்தட்டும்

பழைய ஆம்பெக் பி-15 ஆம்ப்ளிஃபயரைத் தேடி அலைகிறவர்கள் பெரும்பாலும் ஜேம்ஸ் ஜேமர்ஸனைத்தான் தேடுகிறார்கள். 60களில் டெட்ராய்டின் மோடவுன் இசைத்தட்டுகளில் பேஸ் கிதார் வாசித்தவர். 1960இல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பெட்டி அது. வால்வுகள் நிற்கும் தகடு மூடியோடு பிணைந்திருக்கிறது. வாசித்து முடித்ததும் மூடியைக் கவிழ்த்தால் எல்லாம் உள்ளே போய்விடும். கீழே 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கம்பெனியை நிறுவிய எவரெட் ஹல் தாமே பேஸ் வாசித்தவர். ஒலி சிதைவதை வெறுத்தவர்.

இப்படியொன்று அகப்பட்டால் உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. எலக்ட்ரோலிடிக் கண்டென்ஸர்கள் உலர்ந்திருக்கும், மாற்றியே தீரவேண்டும். இரண்டு முள் ஒயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று முள். காகிதக் கூம்பு கிழிந்திருந்தால் அதுவும் புதிது. எதை மாற்றியபின் 'அசல்' என்ற சொல் பொய்யாகிறது? சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குத் தெரிந்த சங்கடம்தான். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்வரை அசல் என்பது சந்தையின் பதில். எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் ஸ்டூடியோவில் ஜேமர்ஸன் பெரும்பாலும் இப்பெட்டி வழியாக வாசிக்கவில்லை. கிதாரின் ஒயர் நேரே ஒலிப்பதிவு மேஜைக்குப் போயிற்று. பி-15 சின்னக் கிளப்புகளுக்கு. தட்டுகளில் நாம் கேட்பது அவருடைய ஒற்றை விரல், மாற்றாத பழைய தந்திகள், அந்த மேஜை. (இதைச் சொன்னால் பெட்டிக்காரர்களுக்குக் கோபம் வருகிறது.) பெட்டியில் மிஞ்சியிருப்பது கிளப்பில் பத்தடி தூரத்தில் நின்றவர்கள் கேட்ட ஒலி. ஆகவே இசைத்தட்டைப் போட்டு அதற்கேற்பக் குமிழைத் திருகுவதை நான் ஏற்கவில்லை. சின்ன அறையொன்றில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.