மலேரியா: மருந்துக்கு முன் சோதனை

மலேரியா என்று சந்தேகித்தால், மருந்தைத் தொடங்கும் முன் இரத்தத்தில் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 2010 முதல் உலக சுகாதார அமைப்பு எல்லா வயதினருக்கும் பரிந்துரைக்கும் முறை இது. அதற்கு முன் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே மலேரியா மருந்துதான். இந்தியாவிலும், விரலில் குத்தி ஸ்லைடு எடுத்த மலேரியா பணியாளர் முடிவுக்குக் காத்திராமல் குளோரோகுயின் மாத்திரையைக் கையோடு கொடுத்துவிட்டுப் போன காலம் உண்டு.

அந்த வழக்கத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பால்சிபாரம் வகை மலேரியா ஒரு குழந்தையை ஓரிரு நாளில் கொன்றுவிடும். நுண்ணோக்கியோ பல மைல் தொலைவில் இருந்தது. குளோரோகுயின் மிக மலிவு. ஆனால் அந்த மருந்துக்கு ஒட்டுண்ணி மசியாமல் போய், விலை கூடிய ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் வந்ததும் கணக்கு மாறியது.

கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுத்ததால் அதிகம் அடிபட்டவர்கள் மலேரியா இல்லாதவர்கள்தாம். வடகிழக்குத் தான்சானியாவின் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கடும் மலேரியா என்று சேர்த்துச் சிகிச்சை பெற்ற 4,474 பேரில் பாதிக்கும் குறைவானவர்களின் இரத்தத்தில்தான் ஒட்டுண்ணி இருந்தது. ஒட்டுண்ணி இல்லாதவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதல். நிமோனியாவும் இரத்தத்தில் பரவிய பாக்டீரியாத் தொற்றும் மலேரியா என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டால், அவற்றுக்கான மருந்து தாமதமாகும் அல்லது கிடைக்காமலே போகும்.

சோதனையின் பழைய வழி நுண்ணோக்கி. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரன் ஒட்டுண்ணியைக் கண்டதும் அதன் வழியாகத்தான். இன்றும் ஒரே ஸ்லைடில் தடித்த படலம், மெல்லிய படலம் என இரண்டு பூச்சுகள் இடுகிறார்கள். தடித்தது ஒட்டுண்ணி உண்டா என்று தேட. மெல்லியது எந்த வகை என்று அறிய. வகை தெரியாமல் சிகிச்சை முழுமையாகாது. வைவாக்ஸ் என்றால் கல்லீரலில் பதுங்கியிருப்பதையும் ஒழிக்கப் பிரைமாகுயின் தேவை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அந்த மாத்திரையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், அதற்குத் தனிச் சோதனை உண்டு.

கிராமத்துக்கு வழி திறந்தது விரைவுப் பரிசோதனை அட்டை. விரல் நுனியில் எடுத்த ஒரு சிறு துளி இரத்தம், மேலே சில சொட்டுக் கரைசல், பதினைந்து இருபது நிமிடக் காத்திருப்பு. கட்டுப்பாட்டுக் கோடு தோன்றவில்லையா, மற்ற கோடு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் அந்த அட்டை செல்லாது. 2007இல் நாடு முழுவதும் இதைப் புகுத்திய செனகலில் மலேரியா மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. "இல்லை" என்று அட்டை சொன்ன பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தை எழுதிக் கொடுத்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். நோயாளி காய்ச்சலோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு காரணம் தேட நேரமோ வசதியோ இல்லாத மருத்துவப் பணியாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

அட்டைக்கும் குறைகள் உண்டு. பால்சிபாரத்துக்கான பெரும்பாலான அட்டைகள் எச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடுகின்றன. ஒட்டுண்ணி ஒழிந்த பிறகும் அது சில வாரம் இரத்தத்தில் தங்குவதால், குணமானவருக்கும் கோடு விழலாம். இதைவிடச் சிக்கலானது எதிர்மாறான பிழை. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் வெளியானது. பின்னர் எரித்திரியாவிலும் பரவலாகக் காணப்பட்டதால் அந்நாடு வேறு வகை அட்டைக்கு மாறியது. இந்த மரபணு இழப்பால் பால்சிபாரம் நோயாளிகளில் 5 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ அட்டையில் தப்பினால், எச்ஆர்பி2வை மட்டும் நம்பாத சோதனைக்கு மாற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பு.