ஹுதைபிய்யாவில் களைந்த முடி

பண்டை அரபியர்க்குத் தலைமுடி வெறும் அழகுப்பொருளன்று, மானத்தின் அடையாளமுமாகும். போரில் சிறைப்பட்டவனைக் கொல்லாமல் விட விரும்பும் தலைவன், அவனது முன்னெற்றி முடியைக் கத்தரித்து அனுப்புவான். ‘நீ உயிரோடிருப்பது நான் இட்ட பிச்சை’ என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டில், பிஃரு மஊனாவில் நபித்தோழர்கள் படுகொலை செய்யப்பட்டபோது, சிறைப்பட்ட அம்ரு இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் இவ்வாறே முன்முடி களையப்பெற்று விடுவிக்கப்பட்டார்கள்.

பெண்களிடத்தில் முடி களைதல் துயரத்தின் மொழியாயிருந்தது. கணவனோ உடன்பிறந்தானோ மாண்டால், கூந்தலை மழித்து, கன்னத்தில் அறைந்து, ஆடையைக் கிழித்து ஒப்பாரி வைப்பர். ‘அவன் போனான், அவனோடு என் வாழ்வும் போயிற்று’ என ஊரறியச் சொல்லும் வழி அது. ஆண்மகனுக்கு இழிவு, பெண்ணுக்கு முடிவு: அறியாமைக் காலத்தில் களைந்த தலை சொன்ன செய்தி இதுவே.

இவ்வழக்கத்தை இஸ்லாம் விலக்கிற்று. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கடும் நோயுற்று மயங்கிக் கிடந்த வேளையில், அவர்கள் வீட்டுப் பெண் ஒருவர் ஓலமிட்டார். மயக்கம் தெளிந்ததும் அவர்கள் முதலிற் செய்தது அதனைக் கண்டித்ததே. துயரத்தால் ஓலமிடுபவள், தலையை மழிப்பவள், ஆடையைக் கிழிப்பவள் ஆகியோரைவிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலகியதைச் சொல்லி, தாமும் அவ்வாறே விலகுவதாக அறிவித்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. எனினும், அழுகை விலக்கப்படவில்லை என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. ஹிஜ்ரி 10-இல் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தடுக்கப்பட்டது கண்ணீரன்று, நம்பிக்கையின்மையே.

துயரத்தின் கையிலிருந்து கத்தியை வாங்கிய மார்க்கம், அதனை எறிந்துவிடவில்லை, வேறிடத்தில் வைத்தது. பிறந்த ஏழாம் நாள் குழந்தையின் முடி களைந்து, அதன் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்வது நம் இல்லங்களில் இன்றும் காணும் நபிவழி. ஹஜ்ஜும் உம்ராவும் முடிப்போர் தலைமுடி களைந்தே இஹ்ராமிலிருந்து விடுபடுகின்றனர். முன்பு முடிவைச் சொன்ன கத்தி, இப்போது தொடக்கத்தைச் சொல்கிறது. இவ்விரு பொருளும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எதிரெதிரே நின்ற நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. அதுவே ஹுதைபிய்யா.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு துல்கஅதா மாதம், கி.பி. 628. தாமும் தோழர்களும் தலைமுடி களைந்தவர்களாகப் புனித ஆலயத்தில் நுழைவதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கனவு கண்டிருந்தார்கள். ஏறத்தாழ 1,400 தோழர்கள் இஹ்ராம் உடுத்து, குர்பானி ஒட்டகங்களுடன் புறப்பட்டனர். முஹாஜிர்கள் கஃபாவைக் கண்டு ஆண்டுகள் ஆறு ஆகவிருந்தன. பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்கப்போகிறோம் என்னும் ஆவலில் அவர்கள் நடந்தனர். மக்காவுக்கு மேற்கே, இன்று ஷுமைஸி என வழங்கும் இடத்தில் அவர்களின் பயணம் நின்றது. குறைஷியர் வழிமறித்தனர்.

தூது சென்ற உஸ்மான் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டதாக வதந்தி எழ, மரத்தடியில் தோழர்கள் உறுதிமொழி அளித்தனர். பின்னர் ஸுஹைல் இப்னு அம்ரு சமாதானம் பேச வந்தார். பத்தாண்டு போர் நிறுத்தம். இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். மறு ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம். மக்காவிலிருந்து ஓடிவருவோரை முஸ்லிம்கள் திருப்பியனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து வருவோரைக் குறைஷியர் திருப்பவேண்டியதில்லை. இவையே நிபந்தனைகள். எழுத்து முடியுமுன்னரே ஸுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் கால் விலங்குடன் தத்தித் தத்தி வந்து அடைக்கலம் கேட்டார்கள். ஒப்பந்தப்படி அவர்களைத் தந்தையிடமே ஒப்படைக்க நேர்ந்தது. அங்கிருந்த உள்ளங்கள் உடைந்தன. உமர் (ரலி) அவர்களே பெருமானாரிடம் சென்று, நாம் சத்தியத்தில் இல்லையா என வினவினார்கள். அவ்வினாவுக்காகப் பின்னாளில் நோன்பும் தருமமும் நிறைய நோற்றுப் பிழை பொறுக்க வேண்டி நின்றார்கள்.

ஒப்பந்தம் முடிந்தது. எழுந்து பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். ஒருவரும் எழவில்லை. மும்முறை கூறியும் எவரும் அசையவில்லை. அவர்கள் உயிரினும் மேலாக மதித்த தலைவரின் கட்டளை அது. ஆயினும் கால்கள் எழவில்லை. அது மாறுபாடன்று, மனமுறிவு. இன்னும் ஏதேனும் ஓர் இறைக்கட்டளை வந்து நிலைமை மாறாதா என்ற ஏக்கமும் அதில் இருந்திருக்கலாம் என அறிஞர்கள் விளக்குவர். முடியைக் களைந்துவிட்டால் அந்த ஏக்கமும் அற்றுப்போகுமன்றோ?

பெருமானார் (ஸல்) அவர்கள் கூடாரத்தினுள் சென்று, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிகழ்ந்ததைக் கூறினார்கள். அன்னையார் துயரத்தை நூலிற் கற்றவர் அல்லர். ஹிஜ்ரத்தின்போது கணவர் ஒருபுறமும் குழந்தை ஒருபுறமுமாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு நாள்தோறும் வெளியில் அமர்ந்து அழுதவர். உஹதில் பட்ட காயத்தால் அக்கணவர் அபூ ஸலமா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 4-இல் மறைந்தபோது, அந்நிய மண்ணில் மாண்ட அவருக்காக ஊர் பேசும்படி ஒப்பாரி வைப்பதென எண்ணியவர். துணைக்கு ஒரு பெண்ணும் வந்துவிட்டாள். நாயகத்தின் ஒரு சொல்லால் அவ்வெண்ணத்தைக் கைவிட்டவர். இடிந்துபோன உள்ளத்துக்கு எது எட்டும், எது எட்டாது என்பது அவருக்குத் தெரியும்.

தாங்கள் வெளியே சென்று, எவரிடமும் ஒரு சொல்லும் பேசாமல், தங்கள் ஒட்டகத்தைப் பலியிட்டு, நாவிதரை அழைத்து முடி களைந்துகொள்ளுங்கள் என்பதே அன்னையார் கூறிய யோசனை. அவ்வாறே நிகழ்ந்தது. குஸாஆ குலத்தவரான கிராஷ் இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் பெருமானாரின் முடியைக் களைந்தார்கள். அதைக் கண்ட கூட்டம் எழுந்தது. ஒட்டகங்களைப் பலியிட்டனர், ஒருவர் தலையை ஒருவர் மழித்தனர். துயரத்தின் மிகுதியால் ஒருவரையொருவர் கொன்றுவிடுவரோ எனும்படி கத்திகள் ஓடின என்று புகாரியின் அறிவிப்பு கூறுகிறது. சிலர் மட்டும் முழுதும் மழிக்காமல் முடியைக் குறைத்துக்கொண்டனர். மழித்தவர்களுக்காகவே பெருமானார் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் இறையருள் வேண்டினார்கள். குறைத்தவர்களுக்காக இறுதியில் ஒருமுறை வேண்டினார்கள். காரணம் கேட்டபோது, மழித்தவர்கள் ஐயத்துக்கு இடந்தரவில்லை என்பதே மறுமொழியாயிற்று.

இங்கேதான் அறியாமைக் காலத்து முடிகளைதலுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு விளங்குகிறது. துயரம் இரண்டிலும் ஒன்றே. கை நடுங்கியதும் ஒன்றே. ஆனால் அந்தப் பெண் கூந்தலைக் களைந்து கல்லறைப் பக்கம் திரும்பினாள். தோழர்கள் முடியைக் களைந்து இஹ்ராமிலிருந்து விடுபட்டு, மதீனாவின் வழியில் நடந்தனர். இழந்ததை இழந்ததென ஏற்றுக்கொண்டு, அடுத்த அடியை எடுத்து வைத்தனர். துயருற்றவர் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என எவரும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பெண்களுக்கோ ஹஜ்ஜிலும் விரல்நுனி அளவு குறைப்பதே சட்டம். நிச்சயித்த திருமணம் முறிந்தோ, அன்புக்குரியவரைப் பறிகொடுத்தோ உள்ளம் இடிந்து அமர்ந்திருக்கும் மகனையும் மகளையும் நம் வீடுகளிலும் காண்கிறோம். அவர்கள் முன் அறிவுரைகளை அடுக்குகிறோம். மும்முறை ஆணையிட்டும் எழாத கூட்டம், பேச்சற்ற ஒரு செயலைக் கண்டு எழுந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

மதீனாவுக்குத் திரும்பும் வழியிலேயே அல்ஃபத்ஹ் அத்தியாயம் அருளப்பட்டு, தோல்வியெனத் தோன்றிய அந்நாளுக்கு வெற்றி எனப் பெயரிட்டது. இரண்டாண்டு கழித்து மக்காவில் நுழைந்தவர்கள் 10,000 பேர். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். அதற்கும் முன்னரே, ஹிஜ்ரி 7-இல், ஒப்பந்தப்படி உம்ரா நிறைவேறியது. ஹுதைபிய்யாவில் கண்ணீரோடு மழித்த தலைகளில் ஓராண்டில் மீண்டும் முடி வளர்ந்திருந்தது. இம்முறை அதனை மர்வாக் குன்றின் அருகே களைந்தனர்.