கடைசிச் சொட்டுத் தண்ணீர்

கடலூர் மாவட்டத்தில் கரும்புக்கும் ஆல்கஹாலுக்கும் உள்ள உறவு பழையது. கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1840களிலேயே வந்துவிட்டது. சிதம்பரம் பக்கம் சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்க வைத்தால் ஆல்கஹால் கிடைக்கும். கூடவே நிறையத் தண்ணீரும் இருக்கும்.

தண்ணீரை எப்படிப் பிரிப்பது? காய்ச்சி வடிக்கலாம். ஆனால் ஆல்கஹால் எடையில் 95.6 சதவீதத்தை எட்டியதும் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். அதற்குமேல் எத்தனை முறை வடித்தாலும் பயனில்லை. வேதியியல் பாடத்தில் வரும் 'கொதிநிலை மாறாக் கலவை' இதுதான். பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலில் இந்த மிச்சத் தண்ணீர் இருக்கக்கூடாது. இருந்தால் டேங்கின் அடியில் தனியே பிரிந்து நிற்கும்.

1902-ல் சிட்னி யங் என்ற விஞ்ஞானி, பென்சீன் சேர்த்து வடித்து அந்தத் தண்ணீரை நீக்கினார். பல நாட்டு ஆலைகள் அதே வழியில் போயின. ஆனால் பென்சீன் இரத்தப் புற்றுநோய் தரும் பொருள். அதைச் சுவாசித்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள்!

வேறு வழி 1917-லேயே தெரிந்திருந்தது. இறுகக் கட்டித் தொங்கவிட்ட கொலோடியன் பைக்குள் இருந்த திரவம் குறைவதை அமெரிக்காவில் கோபரின் உதவியாளர் கவனித்து அவரிடம் சொன்னார். திரவம் சவ்வில் ஊறி மறுபக்கம் ஆவியாகிறது. இதற்குப் 'பர்வேப்பரேஷன்' என்று கோபர் பெயர் வைத்தார். அப்புறம் ஏன் அறுபது வருடத்துக்கு மேல் ஆலைக்கு வரவில்லை? சவ்வு தடிமனாக இருந்தால் வேகம் இல்லை, மெலிதாக இருந்தால் கிழிந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தளர்த்தியது கடல்நீர் ஆராய்ச்சி. 1960 வாக்கில் கலிபோர்னியாவில் லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும், துளைகள் நிறைந்த அடிப்பகுதியின் மேல் மெல்லிய தோல் படிந்த சவ்வைச் செய்தார்கள். அடுத்த கட்டம்தான் கூட்டுச் சவ்வு, அதாவது ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு வேறு பொருள். 1980களில் ஜெர்மனியின் ஜி.எஃப்.டி. நிறுவனம், துணியின் மேல் துளையுள்ள பாலிஅக்ரைலோநைட்ரைல், அதன் மேல் மெல்லிய பாலிவினைல் ஆல்கஹால் என்று அடுக்கியது. கீழ் அடுக்குகள் பலம் தர, மேல் தோல் தண்ணீரை மட்டும் அதிகமாக விடும். பென்சீன் தேவையில்லை. 1988-ல் பிரான்சின் பெத்தெனிவில் ஊரில் தினம் 1,50,000 லிட்டர் ஆல்கஹாலை இப்படி உலர்த்தும் ஆலை வந்தது.

தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 2003-ல் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2025-ல் நாட்டில் அது 20 சதவீதத்தை எட்டியது. இந்திய ஆலைகளில் பெரும்பாலும் தண்ணீரை உறிஞ்சுவது சவ்வு அல்ல, ஜியோலைட் மணிகள்தான். ஆனால் கடலூர் சிப்காட்டில் இருப்பது போன்ற மருந்து, ரசாயன ஆலைகளில் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரோடு இதே பிடிவாதம் பிடிக்கும். அதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தினால் கழிவாக வெளியே போவது குறையும். கூட்டுச் சவ்வுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.